சி.எம்.டி. மடிநோய் சோதனைப் பெட்டி: பல்கலைக்கழகப் பண்ணை ஆய்வுக்கு எவ்வளவு நம்பலாம்?

கைப்பிடியுள்ள ஒரு வெள்ளை பிளாஸ்டிக் தட்டு, அதில் நான்கு குழிகள், ஊதா நிறக் கரைசல் ஒரு பாட்டில், அதை ஊற்ற ஒரு மூக்குப் பாட்டில். கலிஃபோர்னியா மடிநோய் சோதனை, சுருக்கமாக சி.எம்.டி., என்று விற்கப்படும் பெட்டிக்குள் இருப்பது இவ்வளவுதான். கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. சில கம்பெனிகள் கரைசலை அப்படியே பயன்படுத்தும்படி தருகின்றன, சில அடர்கரைசலாகத் தருகின்றன. வீட்டில் இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு இது போதுமா என்ற கேள்விக்கு ஆமாம் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். பல்கலைக்கழகப் பண்ணையில் நாற்பது ஐம்பது கறவை மாடுகளை வைத்து, பல கைகள் மாறி மாறி மாதக்கணக்கில் நடத்தும் மடிநலம் பற்றிய ஆய்வுக்கு இதை வாங்கலாமா என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

வாங்கலாம், தயங்காமல் வாங்கலாம். எந்த மாட்டின் எந்தக் காம்பை இன்று கவனிக்க வேண்டும் என்று தொழுவத்திலேயே அரை நிமிடத்தில் சொல்ல இது மலிவான வழி. ஆனால் மருந்து கொடுத்த பிறகு எத்தனை சதவீதம் குணமானது என்ற எண்ணை இதிலிருந்து எடுக்கக் கூடாது. தட்டைப் பிடிப்பவர்கள் எவ்வளவு ஒரே மாதிரி நடந்துகொள்கிறார்களோ அவ்வளவுதான் இந்தச் சோதனையின் துல்லியம். அதனால் பெட்டிக்குச் செலவழிப்பதைவிடப் பல மடங்கு நேரத்தை ஆட்களை ஒருங்கிணைப்பதில் செலவழிக்க வேண்டும்.

இந்தச் சோதனை பிறந்ததும் ஒரு பல்கலைக்கழகச் சூழலில்தான். 1939-இல் வைட்சைடு என்பவர் பாலில் சோடியம் ஹைட்ராக்சைடு கலந்து, அது திரிந்து கெட்டியாவதை வைத்து மடிநோயைக் கண்டறியும் முறையைச் சொன்னார். 1957-இல் ஷால்ம், நூர்லாண்டர் இருவரும் அந்தக் காரத்துக்குப் பதில் டிடர்ஜென்ட்டை வைத்து, நான்கு குழித் தட்டையும் சேர்த்து இன்றைய வடிவத்தைக் கொடுத்தார்கள். ஷால்ம் டேவிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். அடிப்படை இன்றும் மாறவில்லை. கரைசலில் இருப்பவை இரண்டு பொருட்கள். ஒன்று அல்கைல் அரைல் சல்ஃபோனேட் என்ற டிடர்ஜென்ட். மடியில் தொற்று வந்தால் அதை எதிர்க்க வெள்ளணுக்கள் பாலுக்குள் வந்து குவியும். அவற்றின் சவ்வை இந்த டிடர்ஜென்ட் கரைத்துவிடும், உள்ளே இருக்கும் டி.என்.ஏ. வெளிவந்து கொழகொழவென்று பிணையும். இன்னொன்று புரோமோகிரெசால் பர்ப்பிள் என்ற நிறங்காட்டி. பி.எச். 5.2-க்குக் கீழே மஞ்சளாகவும் 6.8-க்கு மேலே ஊதாவாகவும் இருக்கும். நல்ல பாலின் பி.எச். 6.5 முதல் 6.7 வரை. மடி அழற்சியில் இரத்தத்திலிருந்து உப்புகள் பாலுக்குள் கசிவதால் பி.எச். ஏறும், ஊதா ஆழமாகும். தீர்ப்பைச் சொல்ல வேண்டியது கொழகொழப்பு. நிறம் துணைச் சாட்சி மட்டுமே. புதிதாகச் சேரும் மாணவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள், முதலில் திருத்த வேண்டியது அதைத்தான்.

செய்முறை எளிது. கறவைக்கு முன், மடியைத் துடைத்த பிறகு, ஒவ்வொரு காம்பிலும் முதல் மூன்று பீய்ச்சலைக் கறுப்புத் துணி போர்த்திய கிண்ணத்தில் விட வேண்டும். கட்டி, நூல், நீர்த்த பால் தெரிந்தால் அது அறிகுறி வெளிப்பட்ட மடிநோய், அதற்குத் தட்டே தேவையில்லை. அதன் பிறகு ஒவ்வொரு காம்பின் பாலையும் அதற்குரிய குழியில் கறந்து, தட்டை ஏறக்குறைய நிமிர்த்திப் பிடித்தால் மிகுதி வழிந்து சுமார் 2 மில்லி நிற்கும். அதே அளவு கரைசலை ஊற்றி, தட்டைக் கிடையாகப் பிடித்து வட்டமாகச் சுழற்ற வேண்டும். குலுக்கினால் நுரைக்கும், நுரைத்தால் கொழகொழப்பு தெரியாது. பத்து நொடி சுழற்றி, இருபது நொடிக்குள் படித்துவிட வேண்டும். அதற்கு மேல் போனால் லேசான எதிர்வினை மறைந்துவிடும்.

மதிப்பெண் ஐந்து படிகள். கலவை தண்ணீர் போல ஓடினால் நெகடிவ், பாலில் வெள்ளணு முதலிய செல்களின் எண்ணிக்கை மில்லிக்கு 2 லட்சத்துக்குள். தட்டைச் சாய்க்கும்போது அடியில் மெல்லிய சளிப்படலம் தோன்றி, சுழற்றச் சுழற்ற மறைந்தால் டிரேஸ், ஏறக்குறைய 2 முதல் 4 லட்சம். தெளிவாகக் கெட்டிப்பட்டும் திரளாமல் ஓடினால் 1, அது 4 முதல் 12 லட்சம். வெண்டைக்காயை நறுக்கித் தண்ணீரில் போட்டது போல வழுவழுவென்று நடுப்பக்கம் ஒதுங்கினால் 2, அதாவது 12 முதல் 50 லட்சம். முட்டையின் வெள்ளைக்கரு போலத் திரண்டு, குழியின் நடுவில் மேடு கட்டி, சுழற்றுவதை நிறுத்தினாலும் மேடு இறங்காமல் அடியில் ஒட்டி நின்றால் 3, 50 லட்சத்துக்கு மேல். 3-ஐ யாரும் தவறவிட மாட்டார்கள். சண்டை எல்லாம் டிரேஸில்தான்.

ஒரே குழியை இருவர் பார்த்து ஒருவர் நெகடிவ் என்றும் மற்றவர் டிரேஸ் என்றும் எழுதுவது அன்றாடம் நடப்பது. அறிகுறியற்ற மடிநோய்க்கு வழக்கமாக வைக்கும் எல்லை 2 லட்சம். அந்த எல்லைக்கோடு சரியாக நெகடிவுக்கும் டிரேஸுக்கும் நடுவில் ஓடுகிறது. ஆய்வில் எந்த மாடு சேரும், எது சேராது என்பதை இந்த மெல்லிய படலமே முடிவு செய்கிறது. ஆகவே டிரேஸைப் பாசிடிவாகக் கொள்வதா நெகடிவாகக் கொள்வதா என்பதை முதல் மாட்டைத் தொடுவதற்கு முன்பே நெறிமுறையில் எழுதிவிட வேண்டும். தொற்றுள்ள காம்புகளைத் தேடி நுண்ணுயிர் வளர்ப்புக்கு மாதிரி எடுப்பது நோக்கம் என்றால் டிரேஸைப் பாசிடிவாகக் கொள்வதே சரி. சில நல்ல காம்புகளும் வலையில் விழும், நோயுள்ளவை அதிகம் தப்பாது. மருந்து கொடுப்பதை முடிவு செய்ய என்றால் 1-இலிருந்து தொடங்கலாம். தரவு வந்த பிறகு வசதிப்படி எல்லையை நகர்த்தினால் அந்த ஆய்வை யாரும் மதிக்க மாட்டார்கள்.

படிப்பவர்களைத் தயார் செய்ய ஒரு காலை நேரம் போதும். பத்து மாடுகள், நாற்பது காம்புகள். இருவரும் ஒரே தட்டை ஒரே நேரத்தில் பார்த்து, பேசிக்கொள்ளாமல் தனித்தனித் தாளில் எழுத வேண்டும். பிறகு எடையிட்ட கப்பா, அதாவது இருவரின் மதிப்பெண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் புள்ளியியல் அளவு, கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.6-க்குக் கீழே வந்தால் இருவரையும் உட்காரவைத்து மறுபடி பயிற்சி கொடுக்க வேண்டும். இந்தப் பயிற்சியில் கறவையாட்களையும் சேர்ப்பது நல்லது. பல பண்ணைகளில் கறவையாட்களே முதுகலை மாணவர்களைவிட டிரேஸைச் சரியாகப் பிடிக்கிறார்கள். தினமும் அந்தப் பாலைத் தொடுபவர்கள் அவர்கள்.

அடுத்த சிக்கல் தட்டின் திசை. குழிகளுக்கு ஏ, பி, சி, டி என்று குறி இருக்கும். கைக்கறவையில் ஒருவர் மாட்டின் வலப்பக்கமும் இன்னொருவர் இடப்பக்கமும் உட்காருவார், தட்டும் அவரோடு திரும்பிவிடும். முன் இடது காம்பின் 3 மதிப்பெண் தாளில் பின் வலதுக்குப் போய்விடும். வளர்ப்பு மாதிரியோ சரியான காம்பிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். பிறகு ஆய்வகத்தில் "அதிக செல் இருக்கிறது, கிருமி இல்லை" என்றும் "கிருமி இருக்கிறது, செல் இல்லை" என்றும் முடிவுகள் வரும்போது எல்லோரும் ஆய்வகத்தைச் சந்தேகிப்பார்கள். கைப்பிடி எப்போதும் வால் பக்கம் என்று ஒரு விதி வைத்து, ஏ குழிக்கு மேல் "முன் இடது" என்று அழியாத மையில் தமிழிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். தாளிலும் அதே வரிசை அச்சாகியிருக்க வேண்டும். காதுப் பட்டையின் 12 இலக்க எண்ணையும் முழுதாக எழுதுவதே நல்லது. கடைசி நான்கு இலக்கம் போதும் என்று சுருக்கும் பண்ணைகளில், பட்டை விழுந்து மாற்றுப் பட்டை போட்ட மாடுகள் தரவில் இரண்டு மாடுகளாகிவிடுகின்றன.

நான்கு குழி ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு காம்பில் 4 லட்சம் செல், மற்ற மூன்றிலும் தலா 50 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். நான்கும் ஒரே அளவு பால் தந்தால் கலந்த பாலில் 1,37,500 தான் இருக்கும். கேனில் எடுத்த பாலைச் சோதித்தால் மாடு சுத்தம் என்று வரும். காம்பு காம்பாகப் பார்த்தால்தான் பிடிபடும். கலந்த பாலை விலையுயர்ந்த எண்ணும் கருவியில் கொடுப்பதைவிட, நான்கு குழித் தட்டு இந்த இடத்தில் அதிகம் சொல்கிறது. இதுவே இந்தப் பெட்டியின் பெரிய பலம்.

பலவீனம் எங்கே என்றால், மதிப்பெண்ணை எண்ணாக நினைத்துக் கூட்டிக் கழிப்பதில். ஒவ்வொரு படிக்கும் செல் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. நெகடிவின் நடு மதிப்பை 1 லட்சம் என்று கொண்டால் டிரேஸுக்கு 3, 1-க்கு 9, 2-க்கு 27, 3-க்கு 81 லட்சம். இதில் ஒரு காம்பு 1, இன்னொன்று 3 என்றால் சராசரி 2 என்று எழுதுவது தவறு. 9-க்கும் 81-க்கும் சராசரி 45, 27 அல்ல. படிகளின் வரிசையை மட்டும் சொல்லும் வரிசைத் தரவுக்குரிய முறைகளைத்தான் பயன்படுத்த வேண்டும். நான்கு காம்பும் ஒரே மாட்டுடையவை, தனித்தனி மாடுகள் அல்ல என்பதையும் புள்ளியியல் கணக்கில் சேர்க்க வேண்டும். நாற்பது மாட்டை நூற்று அறுபது என்று காட்டும் கட்டுரைகள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

எண் வேண்டுமென்றால் வேறு வழிகள் உண்டு. இதே கரைசலை நீர்த்து, குழாயில் பாலோடு கலந்து, வடிந்த பிறகு நிற்கும் உயரத்தை மில்லிமீட்டரில் அளப்பது விஸ்கான்சின் மடிநோய் சோதனை. செலவு குறைவு, நேரம் அதிகம். ஆய்வகத்தில் நேரடி நுண்ணோக்கி எண்ணிக்கை செய்யலாம். 0.01 மில்லி பாலை ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் பூசி, உலர்த்தி, சாயமேற்றி எண்ணுவது, பிரெஸ்காட், பிரீடு இருவரும் 1910-இல் சொன்ன முறை. இதைச் செய்ய ஒருவரை நாள் முழுக்க நுண்ணோக்கி முன் உட்காரவைக்க வேண்டும். ஆனால் தட்டைச் சரிபார்க்க இதுவே நம்பகமானது. நிதி இருந்தால் கையடக்க எண்ணும் கருவி வாங்கலாம், ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு காசெட் செலவாகும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். பாலின் மின்கடத்தும் திறன் அளக்கும் கருவி தனியாக நம்பத் தக்கதல்ல. தீவனம், ஈற்று, கறவை இடைவெளி எல்லாமே அதை மாற்றும். சலவைத்தூளை 3 சதவீதம், அதாவது அரை லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம், கரைத்துச் செய்யும் சோதனையும் இதே தத்துவம்தான். விவசாயிக்குக் கைகொடுக்கும். சலவைத்தூளின் கலவை பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறுவதால் ஆய்வுக்கு வேண்டாம்.

சிகிச்சை ஆய்வில் இந்தப் பெட்டி எப்படி ஏமாற்றும் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிருமி அழிந்த பிறகும் வெள்ளணுக்கள் உடனே இறங்குவதில்லை, வாரக்கணக்கில் உயர்ந்தே நிற்கலாம். ஏழாம் நாள் தட்டைப் பார்த்து 2 என்று எழுதி, மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவெடுத்தால் நல்ல மருந்தைத் தூக்கி எறிந்ததாகும். எதிர்ப்புறமும் உண்டு. கொயாகுலேஸ் நெகடிவ் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற மிதமான கிருமிகள் இருக்கும் காம்பு நெகடிவ் காட்டலாம். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி பாலில் விட்டு விட்டுத்தான் வெளிவரும், அதனால் ஒரே ஒரு வளர்ப்பு மாதிரியும் போதாது. தட்டை வாசற்கதவாக வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் தேர்வான காம்புகளிலிருந்து வளர்ப்புக்கு மாதிரி, சிகிச்சைக்குப் பிறகு 14-ஆம் நாளும் 21-ஆம் நாளும் மறு மாதிரி, குணமா இல்லையா என்பது வளர்ப்பின் முடிவில்.

அந்த வளர்ப்பு மாதிரி எடுப்பதில் வரிசை முக்கியம். 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் தூரத்துக் காம்புகளை முதலில் துடைத்து, கிட்டத்துக் காம்புகளைக் கடைசியில் துடைக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது நேர் எதிர். கிட்டத்துக் காம்பில் முதலில், தூரத்தில் கடைசியில். அப்போதுதான் துடைத்த காம்பின் மேல் கை உரசாது. குழாயைச் சாய்வாகப் பிடித்தால் மடியிலிருந்து உதிரும் தூசி உள்ளே விழாது. 4 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் வளர்ப்பு ஊடகத்தில் பூசிவிட வேண்டும். முடியாவிட்டால் உறையவைக்கலாம், ஆனால் ஈ.கோலை உறைவில் குறையும் என்பதை முடிவு எழுதும்போது மறக்கக் கூடாது. தட்டில் வழிந்த பாலை எடுத்து வளர்ப்புக்கு அனுப்பவே கூடாது.

தமிழ்நாட்டுப் பண்ணைகளில் மூலிகைப் பூச்சு ஆய்வு நடத்துகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் பூசும் முறை இங்கே பரவலானது. பூசிய மடி மஞ்சளும் சிவப்புமாகத் தெரியும். தட்டைப் படிப்பவர் மடியைப் பார்த்த நொடியிலேயே அது எந்தக் குழு என்று தெரிந்துவிடும். டிரேஸா நெகடிவா என்று தடுமாறும் இடத்தில் மனம் ஒரு பக்கம் சாயும், நேர்மையானவருக்கும் சாயும். மஞ்சளே காரத்தில் நிறம் மாறும் பொருள், அதோடு சுண்ணாம்பும் சேர்ந்து குழியில் விழுந்தால் கரைசலின் ஊதா நம்பத்தகாததாகும். எனவே காம்பை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகே கறக்க வேண்டும். பாலைத் தட்டில் எடுப்பவர் ஒருவர், படிப்பவர் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவர். தட்டு கைமாறிய பிறகே கரைசலை ஊற்ற வேண்டும். ஊற்றிவிட்டு எடுத்துக்கொண்டு நடந்தால் இருபது நொடி வழியிலேயே போய்விடும். மாட்டின் எண்ணைக்கூடப் படிப்பவருக்குச் சொல்ல வேண்டாம், வரிசை எண் போதும்.

எந்த மாடுகளைச் சேர்க்கக் கூடாது? கன்று ஈன்ற முதல் சில நாட்களில் சீம்பாலில் செல் இயல்பாகவே அதிகம். வற்றுக்காலத்தை நெருங்கி, பால் மிகவும் குறைந்த மாடுகளிலும் அப்படியே. அவை பாசிடிவ் காட்டினால் ஆச்சரியமில்லை, ஆய்வுக்கு உதவாது. கறந்து முடித்த பிறகு எடுக்கும் கடைசிப் பாலில் செல் கூடுதலாக இருக்கும். ஒரு நாள் கறவைக்கு முன்பும் மறுநாள் கறவைக்குப் பின்பும் எடுத்த மதிப்பெண்களை ஒப்பிட முடியாது. காலைக் கறவையா மாலைக் கறவையா என்பதையும் ஆய்வு முடியும்வரை மாற்றக் கூடாது.

தட்டைக் கழுவுவதும் தவறு நடக்கும் இடம். ஒவ்வொரு மாட்டுக்கும் பிறகு நல்ல தண்ணீரில் அலசி, உதறி, குழியில் நீர் தங்காமல் கவிழ்க்க வேண்டும். அரை மில்லி தண்ணீர் தங்கினாலும் 2 மில்லி பாலை அது நீர்க்கவைத்து, டிரேஸை நெகடிவாக்கும். முந்தைய மாட்டின் கொழகொழப்பு ஒட்டியிருந்தால் எதிர்த் தவறு. இரண்டு தட்டு வாங்கி, ஒன்று உலரும்போது மற்றதைப் பயன்படுத்துவது எளிய தீர்வு. பிளாஸ்டிக் கீறி மங்கிப்போன தட்டில் மெல்லிய படலம் கண்ணுக்குத் தெரியாது, அப்போது புதிதாக வாங்கிவிடுங்கள். கரைசலை அடர்நிலையில் வாங்கினால் லேபிளில் சொன்ன விகிதத்தில் வடிநீரில் மட்டும் கலக்க வேண்டும். உப்பும் காரமும் உள்ள போர்வெல் தண்ணீர் நிறங்காட்டியின் தொடக்க நிறத்தையே மாற்றிவிடும்.

அளவு கணக்கு: மாட்டுக்கு 8 மில்லி. நாற்பது மாட்டுக்கு ஒரு சுற்றுக்கு 320 மில்லி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஆறு சுற்று என்றால் 1,920 மில்லி, சிந்துவதற்கும் பயிற்சிக்கும் சேர்த்து இரண்டரை லிட்டர். இதை ஒரே லாட் எண்ணில் மொத்தமாக வாங்கிவிடுவது நல்லது. நடுவில் தீர்ந்து வேறு கம்பெனி பாட்டில் வந்தால், பழையது கொஞ்சம் மீதமிருக்கும்போதே இருபது காம்புகளின் பாலை இரண்டு தட்டில் எடுத்து, ஒன்றில் பழையதையும் மற்றதில் புதியதையும் ஊற்றிப் பார்த்து, இரண்டு மதிப்பெண்ணையும் அந்தத் தேதியோடு பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும்.